பூனை முடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனையைக் கோணியில் கட்டி எடுத்துக்கொண்டுபோய் மலைப்பாதை வளைவில் விட்டுவிட வேண்டும் என்று முடிவானது. முடிவு செய்தவள் பூனையை வளர்க்கிற நீலாவதி இல்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அவளுடைய ஓரகத்தி வசந்தி. புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி என்றால் அடுத்த வீட்டுப் பூனைக்கும் தீர்ப்புச் சொல்லலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ, அந்த மலையடிவாரத்துத் தெருவில் அப்படித்தான் நடந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. நீலாவதியின் மகள் அபிநயாவுக்கு ஏழு வயது. பங்குனியில் ஆரம்பித்த இளைப்பு சித்திரை முடிந்தும் விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் மூச்சு வாங்கி, பேச்சு வராமல், பிள்ளை கையை மட்டும் ஆட்டியது. நீலாவதியின் புருஷன் ராஜேஷ் ஒடுகத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏறியிருந்த சவாரியை இறக்கிவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறந்தான். அங்கே மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்த பிறகுதான் அபிநயா "தண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். டாக்டர் கேட்டார்: வீட்டில் புகை உண்டா, தூசி உண்டா, நாய் பூனை உண்டா. அவர் கேட்டது மூன்று. கூடவே வந்திருந்த வசந்தியின் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான்.

"நான் அன்னிக்கே சொல்லல? பூனை முடி உள்ள போச்சின்னா இளைப்பு வராம இன்னா வரும்? எங்க பெரியப்பா பொண்ணு அப்படித்தான் போய் சேந்தா."

அந்தப் பெரியப்பா பெண் லாரி மோதிச் செத்தவள். அது நீலாவதிக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை மடியில் கிடக்கும்போது லாரியைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் எழவில்லை.

பூனைக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தவன் ராஜேஷ். போன மழைக்காலத்தில் நனைந்துகொண்டு தானாக வந்தது. வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, மனு கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. சாம்பல் நிறம், ஒரு காது கொஞ்சம் கிழிசல். அபிநயா எங்கே படுக்கிறாளோ அங்கேதான் அதுவும் படுக்கும். அவள் தலைமாட்டில், அவள் தலையணை மேலேயே, பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைக்கு இளைப்பு வந்த அதே மாதத்தில்தான் தாசில்தாருக்கும் ஓக்காளம் வந்தது. நாலு காலையும் மடக்கித் தரையோடு தரையாகப் பதுங்கும். கழுத்தை முன்னால் நீட்டும். விலா உள்ளே போய் உள்ளே போய் வரும். "கஹ்... கஹ்... கஹ்" என்று தொண்டையிலிருந்து ஒரு வறண்ட சத்தம் வரும். கடைசியில் நாக்கால் மூக்கை நக்கி, எதையோ விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போகும். தரையில் பார்த்தால் முடியும் இருக்காது, தண்ணீரும் இருக்காது.

"பாத்தியா, வயித்துல முடி சுத்திகீது. கக்கப் பாக்குது, முடியல," என்றாள் வசந்தி. "அதுக்கே அதோட முடி ஒத்துக்கல. பச்சப் புள்ளைக்கு எப்டி ஒத்துக்கும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பொய்க்கும் ஒரு நியாயம் உண்டு, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

நீலாவதி சும்மா இருக்கவில்லை. ஒருத்தி விளக்கெண்ணெய் என்றாள், ஊற்றினாள். கை பூராவும் கீறல் விழுந்ததுதான் மிச்சம். இன்னொருத்தி அருகம்புல் என்றாள். ஏரிக்கரையில் பிடுங்கிவந்து உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் நட்டு வைத்தாள். தாசில்தார் அதை மென்றான், பச்சையாகக் கொஞ்சம் வாந்தி எடுத்தான், மறுநாள் பழையபடி கழுத்தை நீட்டினான். வேலூரில் பூனை, நாய்க்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டாள். போனை எடுத்த பெண் இனிமையான குரலில் பார்ப்பதற்கு இவ்வளவு, எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு, ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு என்றாள். நீலாவதி "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டு, தையல் மிஷின் மேல் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஒரு மாசம் ராத்திரி பகலாக மிதித்தாலும் அந்த எக்ஸ்ரே மட்டும்தான் தேறும்.

"பூனைக்கா எக்ஸ்ரே?" என்றான் ராஜேஷ். "எனக்கே எடுத்ததில்ல."

அவன் கெட்டவன் இல்லை. பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கேட்டுப் பயந்துபோனவன். அண்ணி ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தபோது, "சரிங்க அண்ணி" என்று தலையாட்டிவிட்டான்.

நீலாவதி தலையாட்டவில்லை. "என் பூனைய எங்க வுடணும்னு நான்தான் சொல்லணும்," என்றாள். "மொதல்ல அதுக்கு இன்னான்னு தெரியட்டும்."

மறுநாள் காலையில் தாசில்தாரை ஒரு வயர் கூடையில் உட்காரவைத்து, மேலே பழைய தாவணியைக் கட்டி, அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அங்கே வேப்பமரத்தடியில் பசு, எருமை, ஆடு என்று ஒரு வரிசை நின்றது. கூடைக்குள்ளிருந்து ஒரு "மியாவ்" வந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. எருமையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் சிரித்தான்.

"இன்னாம்மா, பூனைக்கு சினை ஊசியா?"

"உன் எருமைக்கு போட்டு மீதி இருந்தா பாத்துக்கலாம், நீ முன்ன போ," என்றாள்.

சீட்டு எழுதுகிற ஆள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தான். "இங்க மாடு, ஆடுதான். பூனையெல்லாம் பாக்கறதில்ல."

"போர்டுல கால்நடைன்னு போட்டுகீது. இதுக்கும் நாலு கால் கீது, நல்லா நடக்குது. வேணும்னா எண்ணிப் பாருங்க." நீலாவதி கூடையை அவன் மேசை மேலேயே வைத்தாள். "எங்க வூட்ல பசு இல்ல. இருக்கறதத்தான கொண்டாருவேன்?"

வரிசையில் சிரிப்பு இப்போது அந்தப் பக்கம் போனது. அவன் சீட்டை எழுதினான். பெயர் என்ன என்று கேட்டதற்கு நீலாவதி தன் பெயரைச் சொன்னாள். பூனையின் பெயரைக் கேட்டபோது கொஞ்சம் யோசித்து, பெயர் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அரசாங்க இடத்தில் எதற்கு வம்பு.

டாக்டர் தேவி இளவயதுக்காரி, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ரப்பர் பூட்ஸில் சாணி காய்ந்திருந்தது. பூனையைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அடங்காமல் ஆட்டம் போடும் தாசில்தார், அங்கே நின்ற மாடுகளின் வாசனையில் பெட்டிப்பாம்பாகச் சுருண்டிருந்தான். அவன் கழுத்தை நீட்டுவதை நீலாவதி தன் போனில் பிடித்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினாள். டாக்டர் அதை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"எதாவது வெளிய வருதா?"

"ஒண்ணும் வர்றதில்ல மேடம். எச்சி கூட இல்ல."

"சாப்பிடுதா?"

"என் வூட்டுக்காரர விட நல்லா சாப்பிடுது."

நீலாவதியின் தோளில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டாள். "தையல் வேலையா? அப்போ முதல்ல இதைப் பார்ப்போம்." பூனையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "நூல் முழுங்கினா சில சமயம் நாக்குக்கு அடியில மாட்டிக்கிட்டு நிக்கும். அப்படித் தெரிஞ்சா நீங்க பிடிச்சு இழுத்துடாதீங்க, குடலை அறுத்துடும். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதுக்கு அது இல்ல." வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டாள். வெளியே எருமைக்காரன் செருமினான்.

"இது வாந்தியே இல்லம்மா," என்றாள் டாக்டர். "இருமல்."

"பூனை இருமுமா?"

"இருமும். நாம நிமிர்ந்து இருமுவோம். அது பதுங்கி, கழுத்தை நீட்டி இருமும். பார்க்கிறவங்களுக்கு வாந்திக்கு முக்குற மாதிரி தெரியும். முடி உருண்டையா இருந்தா இத்தனை நாள்ல ஒரு தடவையாவது வெளிய வந்து விழுந்திருக்கும். இதுக்கு மூச்சுக்குழாய் சுருங்குதுன்னு நினைக்கிறேன். மனுசங்களுக்கு இளைப்பு வருதுல்ல, அது மாதிரி. நிச்சயமா சொல்லணும்னா எக்ஸ்ரே எடுக்கணும். அது இங்க இல்ல, வேலூர் போகணும்."

நீலாவதியின் முகம் போன போக்கை டாக்டர் கவனித்தாள்.

"அதுக்கு முன்னாடி காசில்லாம ஒண்ணு செய்யலாம். கவனிங்க. எப்போ இருமுது, எங்க படுத்திருக்கும்போது இருமுது, அப்போ வீட்ல என்ன நடக்குது. கொசுவத்தி, சாம்பிராணி, புகை, தூசி, ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. ஆனா வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு வாங்கினாலோ, நாக்கு நீலமா மாறினாலோ பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது. அன்னிக்குக் கடன் வாங்கியாவது வேலூர் போயிடணும்."

"மேடம், எம்பொண்ணுக்கும் இளைப்பு. பூனை முடியாலன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம கொண்டும்போய் வுடணும்ன்றாங்க."

"சில பேருக்குப் பூனையால வரும். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஆனா பூனையை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க."

அன்றிலிருந்து நீலாவதி போலீஸ்காரி ஆனாள். ராத்திரி கொசுவத்தி கொளுத்தவில்லை. ராஜேஷ் விடிய விடியக் கொசுவை அடித்துக்கொண்டு, தன் தலையெழுத்தையும் கொஞ்சம் அடித்துக்கொண்டான். பூனை மறுநாளும் இருமியது. சாமி மாடத்தில் சாம்பிராணி போடுவதை நிறுத்தினாள். அப்போதும் இருமியது. தாளிக்கிற நேரத்தில் பூனையைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஒன்றும் மாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வசந்தி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சாம்பிராணிய நிறுத்திட்டாளாம், பூனைக்காக. நாளைக்கு சாமியவே வெளிய அனுப்புவா."

வசந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரி. அவள் புருஷன் தீர்த்தகிரி சாமை அரவை மில் வைத்திருக்கிறான். மலையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சாமை இறங்குகிறது, அரிசி ஒரு பக்கம் போகிறது, உமி மலையாகக் குவிகிறது. யாரும் தீண்டாத அந்த உமியைத் தலையணையாக்கி விற்கலாம் என்று கண்டுபிடித்தவள் வசந்தி. உடம்புச் சூடு தணியும், கழுத்துவலி போகும் என்று ஒரு அட்டை அச்சடித்தாள். காவலூரில் தொலைநோக்கி பார்க்க வருகிற ஜனங்கள் வாங்கினார்கள், பங்குனியில் மலைக் கோடை விழாக் கடைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. உறை தைப்பது, உமியைச் சலிப்பது, அடைத்து வாயை மூடுவது எல்லாம் நீலாவதி. வேலை நடப்பது நீலாவதி வீட்டு முன்னறையில். வசந்தி வீட்டில் போன வருஷம்தான் வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். "எனக்கு தூசி ஒத்துக்காது நீலா. தும்மல் புடிச்சா நிக்காது," என்று முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். நீலாவதியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி வருகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், போதும். முதலில் அடைத்த தலையணை ஒன்றை வசந்தி அபிநயாவுக்குப் பரிசாகக் கொடுத்தாள். நீலாவதி அதன் மூலையில் ஒரு மயில் பின்னினாள்.

வியாழக்கிழமை வர வேண்டிய துணி பண்டில் வரவில்லை. உறை இல்லாமல் அடைப்பது எப்படி? வேலை நின்றது. கை சும்மா இருந்ததால் நீலாவதி முன்னறையைக் கழுவிவிட்டாள், படுக்கையைத் துவைத்தாள், மயில் தலையணையை வெயிலில் போட்டாள். மத்தியானம் கோடை மழை ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து அதை நனைத்துவிட்டுப் போனது. மொட்டைமாடியிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று தாசில்தார் இருமவில்லை. வெள்ளிக்கிழமையும் இருமவில்லை. அபிநயா பழைய துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, விசில் சத்தம் இல்லாமல் தூங்கினாள். அவள் காலடியில் பூனை தூங்கியது. ஒரே பாயில் இரண்டும் கிடந்தன. அப்போதே நீலாவதிக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. முடிதான் காரணம் என்றால் அந்த முடி இந்த இரண்டு நாள் எங்கே போயிற்று?

சனிக்கிழமை சாயங்காலம் துணி வந்தது, உமி மூட்டையும் கூட வந்தது. நீலாவதி மூட்டையைப் பிரித்துச் சல்லடையை எடுத்தாள். நாலு தட்டுத் தட்டியிருப்பாள். சன்னல் வழியாக வந்த வெயிலில் தூசி எழுந்து மெதுவாக மிதந்தது. எத்தனையோ மாசமாகப் பார்த்ததுதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தாசில்தார் வழக்கம்போல மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தான். ஏறிய கொஞ்ச நேரத்தில் இறங்கினான், பதுங்கினான், கழுத்தை நீட்டினான். கஹ். கஹ். கஹ்.

விளையாடிவிட்டு வந்த அபிநயா அப்போதுதான் உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உமியில் கையை விட்டு அளைந்தாள். "அம்மா" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கி, கழுத்தை முன்னால் நீட்டினாள். அவளுக்கு எதிரே பூனை, அதே கழுத்து, அதே நீட்டல், விலா அதேபோல் உள்ளே போய் வந்தது. நீலாவதி ஒரு கணம் இரண்டையும் பார்த்தாள். பிறகு சல்லடையை வீசிவிட்டு, பிள்ளையை ஒரு கையிலும் பூனையை ஒரு கையிலும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

தெருவில் மலைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒடுகத்தூர் டாக்டர் கொடுத்திருந்த பம்ப்பைப் பிள்ளை வாயில் வைத்து மருந்தை அடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. பூனையும் மூக்கை நக்கிக்கொண்டு மண்ணில் சாய்ந்தது. நீலாவதிக்கு முதலில் பயம் வந்தது. அப்புறம் கோபம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பழியைச் சுமந்தது வாயில்லாத ஜீவன். பாவத்தைக் கூலி வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே கொட்டிச் சலித்துக்கொண்டிருந்திருக்கிறாள் அவள்.

ராஜேஷிடம் சொன்னாள். அவன் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினான். "அண்ணிகிட்ட யாரு சொல்றது? அண்ணன் மூஞ்சிய பாத்து நான் இன்னா பேசறது? நாளைக்கு வேலைய நிறுத்திட்டா?"

"நீங்க ஒண்ணும் பேச வாணாம்," என்றாள் நீலாவதி. "காலைல கோணியும் கயிறும் எடுத்து வைங்க. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வசந்தி குளித்து, பூ வைத்து, பூனையை மயக்குவதற்கு ஒரு கருவாட்டுத் துண்டும் எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி சின்னக்குழந்தை, குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா ராஜேசு, இன்னும் கட்டலயா?"

"நான் கட்டித் தர்றேன் அக்கா," என்று உள்ளேயிருந்து நீலாவதி சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் வந்தாள். இடுப்பில் வாய் கட்டிய கோணி, இன்னொரு கையில் சல்லடை. ராஜேஷ் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவனைத் தாண்டி, வசந்தியைத் தாண்டி, நேராக வசந்தி வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போனாள்.

"ஏய், பூனைய எதுக்கு எங்க வூட்டுக்குள்ள எட்துனு போற?" வசந்தி பின்னாலேயே ஓடினாள்.

நீலாவதி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். பூனை வரவில்லை. சாமை உமி சரசரவென்று வெள்ளை டைல்ஸ் மேல் கொட்டியது. அவள் சல்லடையில் இரண்டு கை உமியை அள்ளிப் போட்டு, தினமும் தன் வீட்டில் எப்படிச் சலிப்பாளோ அதே நிதானத்தோடு சலிக்க ஆரம்பித்தாள். தூசி எழுந்து டிவி மேல், சோபா மேல், மாட்டியிருந்த சாமிப் படத்தின் கண்ணாடி மேல் உட்கார்ந்தது.

வசந்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "பைத்தியமா புடிச்சிகீது உனக்கு? நிறுத்து நீலா. எனக்கு தூசி ஒத்துக்காதுன்னு உனக்கு தெரியாதா?"

சல்லடை நின்றது.

"தெரியும் அக்கா. மொத நாளே சொன்னீங்க. உங்களுக்கு ஒத்துக்காது." நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். "எம்பொண்ணுக்கு மட்டும் எப்டி ஒத்துக்கும்?"

"அது பூனை முடியால—"

"சரி, பூனை முடியால எம்பொண்ணுக்கு இளைப்பு. அப்டியே வெச்சிக்கலாம். பூனைக்கும் இளைப்புதான்னு டாக்டரம்மா நெஞ்சுல வெச்சி கேட்டுட்டு சொல்லிட்டாங்க. அது கக்கல, இருமுது. பூனைக்கு யாரு முடியால இளைப்பு, சொல்லுங்க. உங்க முடியா, என் முடியா?"

வாசலில் சின்னக்குழந்தை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாவதி நிறுத்தவில்லை. துணி வராத நாளில் இரண்டும் எப்படித் தூங்கின, மூட்டை பிரித்த சாயங்காலம் இரண்டும் எப்படிக் கழுத்தை நீட்டின என்று ஒன்று விடாமல் சொன்னாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பல் விளக்கிக்கொண்டே வந்த தீர்த்தகிரி, டைல்ஸையும் உமியையும் பார்த்து நின்றான்.

"நீங்களே சொல்லுங்க மாமா. மில்லுல மிஷின் ஓட்றப்ப நீங்க எப்டி நிப்பீங்க?"

தீர்த்தகிரி வாயிலிருந்த நுரையைத் துப்பப் போகவும் முடியாமல் நின்று, கடைசியில் சொன்னான். "துண்டு கட்டிக்கினு தான். கட்டாத நின்னா மூச்சு அடைக்கும் இல்ல."

வசந்தி அவனைப் பார்த்த பார்வையில் அந்த மனிதன் பாத்ரூமுக்குள் திரும்பிப் போய்விட்டான். பிறகு அவள் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "உனக்கு வேலை வேணாம்னா வேணாம்னு சொல்லு. இந்த ஊர்ல தைக்க ஆளா இல்ல? வேற வூட்ல குடுத்துட்டு போறேன்."

நீலாவதிக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? அந்தக் கூலியில்தான் பிள்ளையின் மருந்து வருகிறது. ஆனால் மருந்து வாங்குவதற்கு நோயைக் கூலிக்கு வாங்குவது எந்த ஊர்க் கணக்கு?

"குடுங்க அக்கா. ஆனா குடுக்கறதுக்கு முன்ன அந்த வூட்ல சின்ன புள்ள கீதான்னு பாத்துட்டு குடுங்க. புள்ளைக்கு சொல்லத் தெரியாது. பூனை கீற வூடா பாத்து குடுத்தீங்கன்னா அது முன்னாடியே சொல்லிடும்." அவள் எழுந்து புடவையை உதறினாள். "உறை வேணும்னா எவ்ளோ வேணா தச்சித் தர்றேன். உமிய இனிமே என் வாசப்படி தாண்ட வுட மாட்டேன். களத்து மேட்டுல காத்தாட வெச்சி அடைக்கறதா இருந்தா கூப்புடுங்க, வர்றேன்."

வெளியே வந்தபோது ராஜேஷ் மிச்சமிருந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தான். அவளைப் பார்த்தான், பின்னாலேயே வாசலுக்கு வந்த அண்ணியைப் பார்த்தான். கயிற்றைச் சுருட்டி ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டான். "பூனைய நான் எங்கயும் கொண்டும்போகல அண்ணி," என்றான். அவன் அண்ணியிடம் "இல்லை" என்று சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் ஆச்சரியப்பட்டான்.

மயில் தலையணையை நீலாவதி அன்றே கிழித்து உமியைக் குப்பைமேட்டில் கொட்டினாள். அழுத அபிநயாவுக்கு மயிலை மட்டும் வெட்டிப் புதுப் பஞ்சுத் தலையணையில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தாசில்தார் அதிலும் பாதி இடத்தைப் பிடித்தான். அவன் முழுக்கக் குணமாகிவிட்டான் என்று சொன்னால் பொய். மிளகாய் தாளிக்கும்போது ஒன்றிரண்டு தடவை கழுத்தை நீட்டுவான். அபிநயாவுக்கும் மருந்து நிற்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இரவில் மூச்சு எண்ணிக்கொண்டு யாரும் விழித்திருக்கவில்லை.

வேலை வரவில்லை. நாள் போகப் போக நீலாவதிக்கு உள்ளே உதைப்பாகத்தான் இருந்தது. தெருவில் ஒருத்தியும் உமி மூட்டையை வாங்கிக்கொள்ளவில்லை என்று சின்னக்குழந்தை வந்து சொன்னாள். கூடத்தில் நடந்தது குழாயடி வழியாக ஊர் பூராவும் போய்விட்டதாம். கோடை விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வசந்தி தெரு பார்த்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, உமி பறக்காமல் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, தானே அடைக்க உட்கார்ந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் சோறு போட்டுக்கொண்டிருந்த நீலாவதிக்கு முதலில் தும்மல் கேட்டது. அப்புறம் இருமல். நின்று, மறுபடியும் இருமல். தாசில்தார் கிழிந்த காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

"அண்ணி இருமுது," என்றான் ராஜேஷ்.

"கேக்குது," என்றாள் நீலாவதி. "சாப்புடுங்க."

மறுநாள் காலை, களத்து மேட்டில் புங்கமரத்தடியில் உமி மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் வசந்தி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் கம்மியிருந்தது. வா என்றும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நீலாவதி சல்லடையோடு போய் எதிரே உட்கார்ந்தாள். கொண்டுவந்திருந்த ஈரத் துண்டு ஒன்றை மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இன்னொன்றை வசந்தியின் மடியில் போட்டாள்.

"கட்டிக்கங்க அக்கா," என்றாள். "பூனை முடி பறக்கும்."